எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள இரண்டு கம்பனிகளுக்குத் திருகோணமலையின் சீனக்குடாவில் கால் உண்டு. ஒன்று லங்கா ஐஓசி. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் ஒரு பகுதி அதன் கையில் இருக்கிறது. மற்றது டோக்கியோ சீமெந்து. ஏ. வை. எஸ். ஞானம் 1982இல் யப்பானியக் கூட்டுடன் தொடங்கிய இந்தக் கம்பனியின் ஆலை, கொட்பேக் கரையில் நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்த இரு அயலவர்களின் பங்குகளும் எதிரெதிர்த் திசையில் ஓடின. கட்டுமானம் முடங்க, சீமெந்துப் பங்கு சந்தையோடு சேர்ந்து சரிந்தது. எண்ணெய்ப் பங்கின் கதை வேறு. 2004இன் இறுதியில் 27 ரூபாவுக்குப் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட அது, 2020இல்கூட அந்த விலைக்குக் கீழேதான் கிடந்தது. 2022இல் 200 ரூபாவைத் தாண்டியது.

நாடு வங்குரோத்தான ஆண்டில், எண்ணெய் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட ஆண்டில், எண்ணெய் விற்கும் கம்பனியின் பங்கு இப்படி ஏறும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க முடியுமா? முதலீட்டுப் பாடநூல்களில் எதிர்பார்க்கப்படும் வருவாய்க்கும் இடருக்கும் தெளிவான சூத்திரங்கள் இருக்கின்றன. சூத்திரங்களில் பிழையில்லை. அவற்றுக்குள் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. திருகோணமலை அதைக் காட்டுவதற்கு நல்ல இடம்.

முதலில் சூத்திரம். அமெரிக்கரான ஹரி மார்க்கோவிற்ஸ் 1952 மார்ச்சில், தன் இருபத்து நான்காவது வயதில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பக்கங்கள் பதினைந்துக்கு மேல் இல்லை. 1990இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததற்கு அடிப்படை அதுதான். அவர் சொன்னது இது: ஒரு தொகுப்பின் எதிர்பார்க்கப்படும் வருவாய், அதிலுள்ள ஒவ்வொரு முதலீட்டின் எதிர்பார்க்கப்படும் வருவாயையும் அதற்கு ஒதுக்கிய பங்கால் பெருக்கிக் கூட்டினால் வந்துவிடும். இடர் அப்படிக் கூட்டிவிடக் கூடியதல்ல. இரண்டு முதலீடுகள் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குகின்றனவா, அல்லது ஒன்று இறங்கும்போது மற்றது தாங்குகிறதா என்பதைப் பொறுத்துத்தான் மொத்த இடர் அமையும். அந்தச் சேர்ந்தோட்டத்தின் அளவுதான் இணைபுக் குணகம். முழுக்கச் சேர்ந்து ஓடினால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0, நேரெதிராக ஓடினால் கழித்தல் 1.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் பங்கிலிருந்து ஆண்டுக்கு 18 வீதம் எதிர்பார்க்கிறோம். அதன் நியம விலகல், அதாவது ஆண்டு வருவாய் சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு, 40. இரண்டாவதிலிருந்து 14 வீதம். நியம விலகல் 30. பாதிப் பாதி போட்டால் எதிர்பார்க்கப்படும் வருவாய் 16. இது எந்த நிலையிலும் மாறாது. இணைபு 1 என்றால் தொகுப்பின் நியம விலகல் 35. இணைபு 0 என்றால் 40இன் வர்க்கம் 1600, 30இன் வர்க்கம் 900. ஒவ்வொன்றிலும் கால்பங்கு எடுத்துக் கூட்டினால் 625. அதன் வர்க்கமூலம் 25. இணைபு கழித்தல் 0.5 ஆனால் 18. அதே பணம், அதே எதிர்பார்ப்பு. ஆனால் ஆட்டம் பாதியாகிவிடுகிறது. பொருளியலில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பண்டம் இதுதான் என்று சொல்வார்கள். 2022இல் சீனக்குடாவின் இரு பங்குகளையும் வைத்திருந்தவருக்கு அது கிடைத்தது.

இனி எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கலாம். வழக்கமான பதில்: கடந்த கால விலைகளிலிருந்து. கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1985இல் 100 என்ற அடியில் தொடங்கியது. 2008இன் முடிவில் அது ஏறத்தாழ 1,503. போர் முடிந்த 2009இல் 125.2 வீதம் ஏறியது. அந்த ஆண்டு உலகில் மிக வேகமாக ஏறிய சந்தைகளில் ஒன்று கொழும்பு. 2010இல் மேலும் 96 வீதம் ஏறி 6,636இல் நின்றது. அதன் பிறகு வந்தவை: 2011இல் 8.5 வீத இறக்கம், 2012இல் 7.1 வீத இறக்கம், 2013இல் 4.8 ஏற்றம், 2014இல் 23.4 ஏற்றம், 2015இல் 5.5 இறக்கம், 2016இல் 9.7 இறக்கம், 2017இல் 2.3 ஏற்றம், 2018இல் 5 இறக்கம், 2019இல் 1.3 ஏற்றம். 2020இல் 10.5 ஏறி, 2021இல் 80.5 பாய்ந்து, 2022இல் 30.6 விழுந்து, 2023இல் 25.5 எழுந்து, 2024இல் 49.7 வீதம் ஏறி 15,945 அளவில் முடிந்தது.

இந்தப் பதினாறு ஆண்டுகளையும் எடுத்துச் சராசரி கண்டால் ஆண்டுக்கு 22.1 வீதம், நியம விலகல் 43.7. முதல் இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டு 2011இலிருந்து எண்ணினால் சராசரி 9.4; நியம விலகல் 28.1. 2019இன் முடிவில் உட்கார்ந்து, அதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளை மட்டும் பார்த்தவருக்குக் கிடைத்திருக்கும் சராசரி கழித்தல் 0.4, நியம விலகல் வெறும் 10.3. ஒரே சந்தை, ஒரே சூத்திரம், மூன்று வேறு நாடுகள் போல மூன்று விடைகள். கொழும்புச் சந்தை ஆட்டம் குறைந்தது, ஆதாயமும் இல்லாதது என்று 2019இல் ஒருவர் முடிவுகட்டியிருந்தால் அவருடைய கணக்கில் தவறே இல்லை. ஆனால் அவருடைய அளவுகோலில் 2021இன் ஏற்றம் கிட்டத்தட்ட எட்டு நியம விலகல் தூரத்தில் நிற்கிறது. மணி வடிவப் பரம்பலை நம்பினால், பிரபஞ்சத்தின் ஆயுளிலும் நிகழக்கூடாத ஒன்று. நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே மூன்று நியம விலகல் தூரத்து வீழ்ச்சியும் வந்தது.

தரகர்களின் விளம்பரத் துண்டுகள் 2009ஐச் சேர்த்துக்கொள்ளவே விரும்பும். அதில் பொய் இல்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று தசாப்தப் போர் முடிவது திரும்பத் திரும்ப நடக்கும் வருமானம் அல்ல. அதைச் சராசரியில் சேர்ப்பவர், அப்படியொரு முடிவு ஒவ்வொரு பதினாறு ஆண்டுக்கும் ஒருமுறை வரும் என்று தன்னையறியாமல் கருதிக்கொள்கிறார்.

சராசரிக்குள் இன்னொரு குழியும் உண்டு. நூறு ரூபா ஓராண்டு பாதியாகி, அடுத்த ஆண்டு இரட்டிப்பாகினால் கையில் இருப்பது அதே நூறு. கூட்டிப் பிரிக்கும் சராசரியோ 25 வீதம் என்று சொல்லும். 2011 முதல் 2024 வரை கூட்டிப் பிரித்த சராசரி 9.4 என்றால், 6,636ஐ 15,945 ஆக்கிய கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 6.5 வீதம் மட்டுமே. இடர் பெருகப் பெருக இந்த இரண்டுக்கும் இடையிலான வெளியும் பெருகும். இந்தச் சுட்டெண்ணில் பங்கிலாபம் சேரவில்லை. சேர்த்தால் ஆண்டுக்குச் சில வீதம் கூடும். அப்போதும் அது வங்கி நிலையான வைப்பின் வட்டியை அதிகம் தாண்டியிருக்காது.

இன்னும் ஒரு கேள்வி. அந்த 9.4 எவ்வளவு உறுதியானது? நியம விலகலை ஆண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பிரித்தால் சராசரியின் வழு வரும். 28.1ஐ 14இன் வர்க்கமூலத்தால் பிரிக்க 7.5. வழமைபோல் இருபுறமும் அதன் இரு மடங்கு இடம் விட்டால், உண்மையான எதிர்பார்ப்பு கழித்தல் 6இலிருந்து கூட்டல் 24 வரை எங்கும் இருக்கலாம். அதை இரண்டு வீதம் இப்படி அப்படி என்ற அளவுக்குக் குறுக்க வேண்டுமானால் 28ஐ 28ஆல் பெருக்கிய அளவு ஆண்டுகள் வேண்டும்; அதாவது 784. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலிங்க மாகன் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட காலத்தை ஒட்டித் தொடங்கி இன்றுவரை, சந்தை குணம் மாறாமல், நாள் தவறாமல் விலை எழுதி வைத்திருந்தால்தான் கொழும்பின் எதிர்பார்க்கப்படும் வருவாயை அந்த அளவு துல்லியமாகச் சொல்ல முடியும். தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு வரும் முதலீட்டு அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு மாகன்தான் நினைவுக்கு வருவார்.

மார்க்கோவிற்ஸ் இதை அறியாதவர் அல்லர். வருவாய், இடர் ஆகியவற்றின் மதிப்பீடுகள் புள்ளிவிவர முறைகளையும் நடைமுறை அறிந்தவர்களின் தீர்ப்பையும் சேர்த்து எடுக்கப்பட வேண்டும் என்று அந்த 1952 கட்டுரையிலேயே எழுதியிருந்தார். பாடநூல்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டன.

இரண்டாம் பாதியால் என்ன பயன் என்பதற்கு லங்கா ஐஓசியே சான்று. 2004 முதல் பல ஆண்டுகள் அந்தப் பங்கு தேங்கியதற்குக் காரணம் இருந்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரசின் சொல்லுக்கு இணங்க அடக்கவிலைக்குக் கீழும் எண்ணெய் விற்றது. பக்கத்தில் நிற்கும் தனியார் கம்பனி அந்த விலையோடு போட்டியிட வேண்டியிருந்தது. 2022இல் கூட்டுத்தாபனத்திடம் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. விலைகள் அடக்கவிலையை நோக்கி உயர்த்தப்பட்டன. யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனையை அரசு நிறுத்தியபோது, லங்கா ஐஓசி தொடர்ந்து விற்றது. நாட்டை வீழ்த்திய அதே காரணம் இந்தக் கம்பனியின் கையை ஓங்க வைத்தது. பதினேழு ஆண்டு விலைகளிலிருந்து கண்ட இணைபுக் குணகத்தில் இது தென்படாது. ஏனென்றால் அந்தப் பதினேழு ஆண்டுகளில் டொலர் முற்றாக வற்றிய நாள் வரவில்லை. காரணத்தை அறிந்தவருக்கு ஒரு குறிப்பாவது கிடைத்திருக்கும். நடந்து முடிந்த பின் இதை எழுதுவது எளிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: அரசு விலையை உயர்த்தாமல் பிடித்து வைத்திருந்தால், அதே அறிவு அதே ஆளைப் பெரும் நட்டத்தில் தள்ளியிருக்கும்.

பங்கை விட்டு வைப்புக்கு வருவோம். திருகோணமலையில் பெரும்பாலான குடும்பங்களின் தொகுப்பில் பங்கே இல்லை. தேசிய சேமிப்பு வங்கியிலோ மக்கள் வங்கியிலோ நிலையான வைப்பு, நாலைந்து பவுண் நகை, கிண்ணியாவிலோ மூதூரிலோ கொஞ்சம் வயல், ஒரு வள்ளம், அயலவர் சேர்ந்து போடும் சீட்டு, ஊழியர் சேமலாப நிதியம், கனடாவிலோ சுவிஸிலோ ஒரு தம்பி. பாடநூல் அரச வைப்பையும் திறைசேரி உண்டியலையும் இடரற்றவை என்ற பெட்டியில் போடும். 2021இன் முடிவில் 6 வீதத்துக்கு ஒரு இலட்சம் ரூபாவை வைப்பிலிட்டவர் 2022இன் முடிவில் 106,000 பெற்றார். அந்த டிசெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 57.2 வீதம். 1.06ஐ 1.572ஆல் பிரித்தால் 0.67. ரூபாவில் ஒரு சதமும் குறையாமல், அரிசியிலும் பருப்பிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே ஆண்டு சுட்டெண்ணோடு ஒத்த பங்குகளை வைத்திருந்தவர், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 56 வீதம் இழந்தார்.

மறுபக்கமும் உண்டு. 2022 செத்தெம்பரில் 364 நாள் திறைசேரி உண்டியல் ஏறத்தாழ 30 வீதம் தந்தது. ஓராண்டு கழித்து அது முதிர்ந்தபோது பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியிருந்தது. வரிக்கு முன் உண்மை வருவாய் 28 வீதம். ஒன்பது மாத இடைவெளியில் ஒரே அரசின் பொறுப்பு, ஒருவருக்குக் கழித்தல் 33, இன்னொருவருக்குக் கூட்டல் 28.

அந்த 30 வீதம் யாரும் அன்பளிப்பாகத் தந்ததல்ல. அரசு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியிருந்தது. அடுத்தது உள்நாட்டுக் கடன்தான் என்ற பேச்சு எங்கும் இருந்தது. எதிர்பார்க்கப்படும் வருவாயைக் கடந்த கால விலைகளிலிருந்து எடுக்காமல், வரக்கூடிய நிலைமைகளிலிருந்து கட்டுவதற்கு இது பொருத்தமான இடம். உண்டியல் முழுதாகத் திரும்பினால் 30 வீத ஆதாயம். வெட்டப்பட்டால் பாதி போகும் என்று வைத்துக்கொள்வோம். வெட்டப்படும் வாய்ப்பு எவ்வளவானால் எதிர்பார்ப்பு பூச்சியமாகும்? 0.3ஐ 0.8ஆல் பிரிக்க 37.5 வீதம். வெட்டு அதைவிடக் குறைந்த வாய்ப்புள்ளது என்று நினைத்தவருக்கு வாங்குவது நியாயம். இந்தக் கணக்குக்கு வரலாற்றுத் தரவு எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு கருத்து, அதை எண்ணாகச் சொல்லும் துணிவு.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு 2023 யூன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் கையிலிருந்த உண்டியல்களும் வங்கி வைப்புகளும் தப்பின. சுமையில் பெரும்பகுதி ஊழியர் சேமலாப நிதியத்தின் மீது விழுந்தது. திருகோணமலையின் பிரிமா மாவாலையிலோ சீமெந்து ஆலையிலோ வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் சேரும் பணம் அது. நிதியத்தின் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பங்கு அரச பிணைகளில் இருந்தது. பழைய முறிகளுக்குப் பதிலாக 2026 வரை 12 வீதமும் அதன் பின் 9 வீதமும் தரும் புதிய முறிகள் வந்தன. நிதியம் 2022இல் அங்கத்தவருக்கு வரவு வைத்தது 9 வீதம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு ஆடும் மாடும் விடப்படும் செய்தி நிறைய உண்டு. திருகோணமலைக்கு வடமேற்கே இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயர் பெற்ற பௌத்தப் பள்ளியின் தமிழ்க் கல்வெட்டுகளும் அத்தகைய கொடைகளைச் சொல்கின்றன. தமிழகத்து வழக்கில் அவை சாவா மூவாப் பேராடுகள். ஆடு சாகும், கிழடாகும். இடையன் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பி, நாள் தவறாமல் நெய் அளக்க வேண்டும். கோயிலின் கணக்கில் இடர் பூச்சியம். இடர் மறைந்துவிடவில்லை, இடையனின் பட்டிக்குள் போயிருந்தது. இடரற்றது என்று சொல்லப்படும் எதைப் பார்த்தாலும் அந்த இடையன் யார் என்று தேடவேண்டும். 2023இல் அந்த இடத்தில் நின்றவர்கள் ஓய்வூதியமில்லாத தனியார் துறை ஊழியர்கள்.

இப்போது இணைபுக்குத் திரும்பலாம். 2022இல் ஒரு மீனவக் குடும்பத்தின் தொகுப்பில் எது எதோடு சேர்ந்து ஓடியது? வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அது கிடைக்கவில்லை, ஓகஸ்ற் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு உயர்ந்தது. வள்ளம் கரையில் கிடந்தது. வைப்பின் மதிப்புக் கரைந்தது. முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடையால் வயலின் விளைச்சலும் அடி வாங்கியிருந்தது. சீட்டில் சேர்ந்தவர்கள் எல்லாரும் அதே கரையில் அதே தொழில் செய்பவர்கள். ஒருவரால் கட்ட முடியாத மாதத்தில் மற்றவராலும் முடியாது. நாலு கூடைகளில் முட்டை வைத்திருப்பதாக நினைத்தவர், நாலு கூடைகளும் ஒரே வண்டியில் இருந்ததை அந்த ஆண்டுதான் கண்டார். அமைதியான ஆண்டுகளில் 0.2ஆக இருக்கும் இணைபு, பஞ்ச காலத்தில் 0.8க்குப் போய்விடலாம். மேலே செய்த கற்பனைக் கணக்கில் 0.2க்குப் பதில் 0.8ஐப் போட்டால் 27ஆக இருந்த இடர் 33ஆகும். முதலீட்டைப் பரவலாக்குவது தரும் பாதுகாப்பு, மிகத் தேவையான நாளில் பெரும்பாலும் வராமல் போகிறது.

வந்தவை இரண்டு. ஒன்று பவுண். 2022இல் உலகச் சந்தையில் தங்கத்தின் டொலர் விலை தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. பவுணின் ரூபா விலை அதோடு ஏறி, பெரிய அளவில் விலைவாசிக்கு ஈடுகொடுத்தது. மற்றது கனடாத் தம்பி. அவர் அனுப்பும் அதே நூறு அமெரிக்க டொலர் பெறுமதியான பணம் இங்கே 20,000 ரூபாவிலிருந்து 36,000 ஆனது. எந்த முதலீட்டு ஆலோசகரின் படிவத்திலும் தம்பிக்கு ஒரு கட்டம் இல்லை. ஆனால் போர் விரட்டிய குடும்பங்களின் தொகுப்பில் கழித்தல் இணைபு கொண்ட மிகப் பெரிய சொத்து அவர்தான். அந்தப் பரவலுக்குக் கொடுத்த விலை எந்தக் கணக்கிலும் அடங்காது.

மார்க்கோவிற்ஸ் எழுதிய அதே 1952இல், யூலை மாதம், ஏ. டி. ரோய் என்ற ஆங்கிலேயர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: எதிர்பார்க்கப்படும் வருவாயைப் பிறகு பார்ப்போம், முதலில் நீங்கள் விழக்கூடாத மட்டம் எது? அந்த மட்டத்துக்குக் கீழே போகும் வாய்ப்பைக் குறைப்பதே அவருடைய விதி. சராசரி 16, நியம விலகல் 25 கொண்ட தொகுப்பில் 34 வீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்று வைத்தால், அந்த மட்டம் சராசரியிலிருந்து இரண்டு நியம விலகல் தூரம். மணி வடிவப் பரம்பலின்படி அதற்குக் கீழே போகும் வாய்ப்பு நூற்றுக்கு 2.3. பரம்பலின் வடிவத்தைப் பற்றி எதையும் கருதாமல் ரோய் செய்ததுபோலக் கணித்தால், அதிகபட்சம் நூற்றுக்கு 25. இலங்கையைப் பார்த்தவர் இரண்டாவது எண்ணையே பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். நாற்பதாண்டு உழைப்பைச் சேர்த்து வைத்த ஒருவருக்கு மார்க்கோவிற்ஸைவிட ரோய் நெருக்கமானவர்.

ரோயின் கேள்வியை 2022க்கு வைத்துப் பார்ப்போம். விலைவாசியைக் கழித்து நூற்றுக்குப் பத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்பது ஒரு குடும்பத்தின் மட்டம். பங்கு 56 இழந்தது, வைப்பு 33 இழந்தது. இவை இரண்டையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் இழப்பு 33க்கும் 56க்கும் இடையில்தான் நிற்கும். இந்த இரண்டுக்குள் மட்டும் நின்றபடி அந்த மட்டத்தைக் காப்பாற்ற வழியே இல்லை. பவுண் தன் மதிப்பைக் காத்தது என்று எடுத்துக்கொண்டால், வைப்பு நூற்றுக்கு 30ஐத் தாண்டாமல், மீதி 70 பவுணாகவோ வெளிநாட்டு வருவாயாகவோ இருந்திருக்க வேண்டும். அப்படி வைத்திருப்பதற்கும் விலை உண்டு. 2011 செத்தெம்பரில் அவுன்ஸ் 1,900 டொலர் அளவில் இருந்த தங்கம், 2015 டிசெம்பரில் 1,050 அளவுக்கு வந்தது. ரூபா சரிந்ததையும் சேர்த்துப் பார்த்தாலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் நட்டம். அந்த நாலாண்டில் வைப்பில் போட்டவர், வட்டியை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.